குழிமேட்டு விட்டில்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. நடந்தது அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா என்று கேட்டால், தேர்தலில் ஆட்சி மாறியதற்குப் பிந்தைய ஒரு மழைக்காலம் என்றுதான் சொல்ல வருகிறது. புழுக்கள் ஊரில் எல்லாருக்கும் நினைவிருந்தன. ஆனால் அவற்றின் நிறத்தைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்படி ஒரு பூச்சி இந்த நாட்டிலேயே கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் பின்னால் என்னிடம் சொன்னார்கள். இருக்கலாம். அருள்ஜோசப் வாத்தியார் பார்த்ததை, அவர் பார்த்தபடி, என் காதுக்கு எட்டிய வரைக்கும் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது சூசைக்கொட்டாய். முழுக்கவும் கத்தோலிக்கக் குடும்பங்கள். கோவிலுக்குப் பின்னால் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம், அதன் நடுவில் ஒரு பெரிய ஈழத்தலரி. ஊரில் அதைக் கல்லறைப்பூ மரம் என்பார்கள். யானைத்தோல் நிறத்தில் பருத்த கிளைகள். ஒடித்தால் பால் வடியும். வெள்ளைப் பூவின் உள்ளே மஞ்சள். அந்த மரத்தடியில்தான் அருள்ஜோசப்பின் மனைவி மேரிராணியை ஆவணி மாதம் புதைத்தார்கள்.

அவள் கிணற்றில் இறந்தாள். காலையில் தண்ணீர் சேந்தப் போனவள் திரும்பவில்லை. வாளியும் கயிறும் கிணற்றுக்குள் கிடந்தன. குடம் காலியாகக் கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது. பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"சேந்தும்போது கால் வழுக்கிடுச்சு சாமி" என்று அருள்ஜோசப் பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் வயதானவர், இளைப்பு நோய்க்காரர். அவர் வாத்தியாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது; சுவருக்கு வெளியே, கள்ளிவேலி ஓரமாகத்தான் குழி. வாத்தியாரின் அந்த ஒரு வாக்கியத்தில் மேரிராணிக்குச் சுவருக்கு உள்ளே இடம் கிடைத்தது.

அந்த வாக்கியம் உண்மையா என்பது அருள்ஜோசப்புக்குத் தெரியாது. அவர் மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியார். பள்ளி விட்டு வந்தால் விளக்கு வைக்கும் வரை படிப்பார், வைத்த பிறகும் படிப்பார். பிறந்த ஒரே குழந்தை தங்காமல் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேரிராணி அடுப்படியிலிருந்து, "எதுனா பேசுங்களேன்" என்றாள். அவர் தலையைத் தூக்கி, "என்ன பேச?" என்று கேட்டார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் விட்ட வரியைத் தேடிப் பிடித்து மேலே படித்தார். சண்டை என்று எதுவும் இல்லை. பிற்பாடு, சண்டை ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சண்டையில் நாலு வார்த்தையாவது வெளியே வந்திருக்கும்.

தண்ணீரில் கிடந்த உடல் காத்திருக்காது. அன்றைக்கே அடக்கம். நல்ல பலகை கைவசம் இல்லை. ஓசூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு காப்பிக்கொட்டை ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டிகள் சிலவற்றை, கோவிலுக்கு பெஞ்சு செய்யலாம் என்று உபதேசியார் சகாயநாதன் வண்டி பிடித்துக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் ஒன்றைப் பக்கத்து ஊர் வெங்கடப்பன் ஆசாரி கல்லறைப்பூ மரத்து நிழலிலேயே வைத்துப் பிரித்தார். பெட்டியின் அடியில் வைக்கோலும் சருகும் மண்ணுமாக அடைந்திருந்தது. அதை மரத்தடியில் கொட்டிவிட்டுப் பலகைகளைச் சவப்பெட்டிக்கு அறுத்தார். மூடியில் கறுப்பு மையில் பெரிய எழுத்துகள் இருந்தன. "எழுத்து வெளிய தெரிஞ்சா நல்லாருக்காது சார்" என்று ஆசாரி அந்தப் பக்கத்தை உள்ளே பார்க்கத் திருப்பினார். மூடும்போது அருள்ஜோசப் அதைப் படித்தார். சாண்டோஸ். மனைவியின் முகத்துக்கு நேர்மேலே அந்தச் சொல் இறங்கி மறைந்தது.

புரட்டாசி நடுவில் மரத்தில் இலை குறைவதை முதலில் கண்டது, மகளின் குழிக்குத் தினமும் போய்வந்துகொண்டிருந்த பவுலினா. அருள்ஜோசப்பின் மாமியார். இலையின் அடியில் வெளிறிய பச்சையாக, மணி மணியாக முட்டைகள் ஒட்டியிருந்ததை அதற்கு முன்பே பார்த்ததாகவும், பனித்துளி என்று நினைத்ததாகவும் சொன்னாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுக்கள் விரல் நீளமாயின, பிறகு ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாயின. வெல்வெட்டுத் துணி போலக் கறுப்பு. உடம்பைச் சுற்றி மஞ்சள் வளையங்கள். தலையும் கால்களும் செங்கல் சிவப்பு. வால் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கொம்பு. தொட்டால் தலையை வெடுக்கென்று இரண்டு பக்கமும் உதறும், கடிக்கவும் கடித்தது.

பூசை விட்டதும் ஊரே சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

"கறுப்பு, செவப்பு. டேய், கட்சிக்காரன் புழுடா இது."

"நடுவுல மஞ்சள் எதுக்கு?"

"அது கூட்டணி."

"ஜெயிச்சதும் ஜெயிச்சாங்க, எலையெல்லாம் தின்னு தீக்கறாங்க."

சிரிப்பு அடங்கியதும் சகாயநாதன் பேசினார். உபதேசியார் என்றால் ஊரில் சாமியாருக்கு அடுத்த ஆள். ஞானஸ்நானத்திலிருந்து அடக்கம் வரை அவர் கை படாத காரியம் கிடையாது. கெட்டவர் இல்லை, எதையும் முடித்து வைக்காமல் அவரால் தூங்க முடியாது.

"இருவது வருசமா இந்த மரத்த பாத்துக்கினு இருக்கறேன். இதுல ஒரு எறும்பு ஏறி நான் பாத்ததில்ல. பால் மரம், ஆடு கூட வாய் வெக்காது. இந்த வருசம் மட்டும் ஏன் வருது? இந்த வருசம் மரத்தடிக்குப் புதுசா வந்தது யாரு?"

எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். இன்னும் சிலுவை நடாத, செம்மண் காயாத குழிமேடு அது ஒன்றுதான் அங்கே.

அன்றிலிருந்து பவுலினா வெறுங்கையால் புழுக்களைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட்டாள். விரல்களில் கடித்த தடம், பால் பட்டு எரிந்த தடம். கீழ்க் கிளைகளுக்குத்தான் கை எட்டியது. இலைகள் போய்ப் பூக்களும் போய், மரம் கை கால்களை விரித்துக்கொண்டு மொட்டையாக நின்றது. ஐப்பசி பிறந்தது. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கோவில் முற்றத்தில் நடந்தது.

"அந்தக் குழி அங்க இருக்கற வரைக்கும் எங்க அப்பன் ஆயிக்கு மெழுகுவத்தி கொளுத்த உள்ள வரமாட்டோம்னு ஜனங்க சொல்றாங்க சாமி" என்றார் சகாயநாதன். "சொவத்துக்கு அந்தண்ட மாத்திட்டா யாருக்கும் கொறையில்ல. நானே நின்னு மரியாதையா செய்யறேன்."

"அது பூச்சி" என்றார் அருள்ஜோசப். பல வாரங்களுக்குப் பிறகு அவர் சபையில் வாய் திறந்தது அன்றுதான். "முட்டையில இருந்து வருது. இலையைத் தின்னுது. எல்லாப் பூச்சிக்கும் பேர் இருக்கு."

"சொல்லுங்க வாத்தியாரே, பேரச் சொல்லுங்க. அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துரலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

சாமியார் கையை உயர்த்தினார். இளைப்பு தணியக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஜோசப் வாத்தியார், படிச்சவங்ககிட்ட காட்டி, பேரும் ஊரும் எழுதி வாங்கிட்டு வாங்க. திருநாளுக்கு முந்தின ஞாயிறு நானே பிரசங்கத்துல சொல்றேன். மண்ணுல இருந்து வரல, வேற எடத்துல இருந்து வந்ததுன்னு சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் குழியத் தொடக்கூடாது." பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "கொண்டாராம இருந்துடாதீங்க. இவங்களுக்கு எதிரா என்னால ரொம்ப நாள் நிக்க முடியாது" என்றார்.

அருள்ஜோசப் ஆசிரியப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே செய்தார். நன்றாக வளர்ந்த புழுக்கள் சிலவற்றை எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டார். அவை சுருண்டு, நீண்டு, அசையாமல் நின்றன. பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார். அத்திப்பள்ளி தாண்டும்போது துண்டைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் வெளிறத் தொடங்கியிருந்தது. போய்ச் சேரும்போது கறுப்பும் சேற்று நிறமாகி, சிவப்புத் தலைகள் சாயம் போன துணி போல ஆகியிருந்தன.

அங்கே ஒரு கல்லூரியில் அவர் போய்ப் பார்த்த பேராசிரியர் பூச்சிகளிலேயே தலை நரைத்தவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"யாக்கே, ஏன் இப்படி பண்ணீங்க? உயிரோட கொண்டு வரணும் இல்லையா? ஸ்பிரிட்டுல போட்டா கலர் நிக்காது."

"எங்களுக்கு அப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க."

"தவளைக்கு அது சரி. சரி, சொல்லுங்க, எப்படி இருந்தது?"

அருள்ஜோசப் சொன்னார். வளையங்களை, தலையை, கொம்பை, உதறும் விதத்தை, முட்டையின் நிறத்தை. அந்த மரத்தடியில் எத்தனை பகல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. மேரிராணியைப் பற்றி இவ்வளவு நேரம் யாரிடமும் அவரால் பேசியிருக்க முடியாது.

பேராசிரியர் எழுந்துபோய் ஒரு கனத்த புத்தகத்தைக் கொண்டுவந்து வண்ணப்படம் ஒன்றைத் திறந்து வைத்தார். அருள்ஜோசப்பின் கை தானாக நீண்டு படத்தின் மேல் நின்றது.

"இதுதான் சார்."

"இதுவேதானா? நல்லாப் பாருங்க."

"இதுவேதான்."

"அப்படின்னா இது தென் அமெரிக்கா ஆசாமி. பிரேசில், கயானா அந்தப் பக்கம். பருந்து விட்டில்னு ஒரு ஜாதி. பருந்து மாதிரி விரைசாப் பறக்கும். அங்கயும் இதே மரத்தைத்தான் தின்னும். மரமும் அந்தப் பக்கத்து மரம்தானே, எப்பவோ இங்க வந்தது." லத்தீன் பெயரை இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். அருள்ஜோசப் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ஆனா ஓசூர்ப் பக்கம் இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. சாயம் போன புழுவை வெச்சு எழுத முடியாது. விட்டில் வேணும். இல்ல, உயிரோட கூட்டுப்புழு கொண்டு வாங்க."

"அது எங்க கிடைக்கும்?"

"முழுசா வளர்ந்ததும் புழு தின்னுறதை நிறுத்திடும். மரத்தை விட்டு இறங்கி நடக்கும். சருகு, மெத்துனு இருக்கற மண்ணு, அப்படிப் பார்த்து உள்ள போயிடும். அங்க தோலை உரிச்சுட்டுக் கூட்டுப்புழுவா ஆகும். பழுப்பா, பாலிஷ் போட்ட மாதிரி. ரெண்டு மூணு வாரத்துல விட்டில் மண்ணைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். சாம்பல் கலர், உங்க கை அகலம் இருக்கும்." அவர் புத்தகத்தை மூடாமல் யோசித்தார். "ஆனா அது இங்க எப்படி வந்தது? பறந்து வர்ற தூரமா?"

அருள்ஜோசப்புக்கு அப்போது அந்தப் பலகை கண்முன் வந்தது.

"சாண்டோஸ்னா என்ன சார்?"

"பிரேசில்ல ஒரு துறைமுகம். ஏன்?"

"ஒரு மரப்பெட்டியில எழுதியிருந்தது. அடியில சருகும் மண்ணும் இருந்தது. மரத்தடியில கொட்டினோம்."

பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அதான் பாருங்க! கப்பலுக்குக் காத்து எங்கயோ மரத்தடியில கிடந்த பெட்டியா இருக்கும். புழு இறங்கி அதுல ஒடுங்கியிருக்கும். அந்தப் பலகை இருக்கா? அதையும் கொண்டு வாங்க, எழுத்தோட."

"பலகை இல்ல சார்."

"எரிச்சுட்டீங்களா?"

"இல்ல."

பேராசிரியர் காத்திருந்தார். அருள்ஜோசப் பாட்டிலைத் திரும்பத் துண்டில் சுற்றினார்.

ஊர் திரும்பியபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் சகாயநாதன் நின்றிருந்தார்.

"உங்க பூச்சியெல்லாம் எறங்கிடுச்சு வாத்தியாரே. ஒண்ணு பாக்கியில்ல. எங்க எறங்குச்சுன்னு கேளுங்க."

அருள்ஜோசப் மொட்டை மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர் பூரா நின்னு பாத்துச்சு. மரத்துல இருந்து வரிசையா, கலியாண ஊர்வலம் மாதிரி எறங்கி, நேரா உங்க ஊட்டம்மா குழிமேட்டுக்குள்ள போச்சு. எங்க அப்பன் குழி பக்கத்துலதான் இருக்குது. அதுக்குப் போவல."

"உங்க அப்பா குழி சிமெண்டு போட்டது. மத்த எடமெல்லாம் சுக்கான் கல்லு. மண்ணு மெதுவா இருக்கறது அங்க மட்டும்தான்."

"ஆமா வாத்தியாரே, மெதுவாத்தான் இருக்கும்."

"பெட்டியில வந்த பூச்சி அது. பெஞ்சு செய்யக் கொண்டாந்தீங்களே, அந்தப் பெட்டி."

சகாயநாதனின் முகம் மாறியது. "கோவிலுக்குன்னு நான் கொண்டாந்த மரத்துலயா? இன்னொரு தடவ அந்தப் பேச்சு பேசாதீங்க. அதே பலகையில மூணு பெஞ்சு செஞ்சு உள்ள போட்டிருக்குது. ஜனங்க அதுலதான் ஒக்காந்து செபம் சொல்லுது. அதுல ஏன் புழு வரல?"

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் குழிமேட்டை முதல் கல்லறைத் திருநாள் வரைக்கும் இரும்பு தொடக்கூடாது. மண் சரிந்தால் கையால் அணைப்பார்கள். திருநாளன்று காலையில்தான் மண்வெட்டி போட்டு மேட்டைத் திருத்தி, சிலுவை நட்டு, சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்கு முன்னால் இரும்பு பட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெட்டு விழும் என்பது நம்பிக்கை. அருள்ஜோசப்புக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளிக்கூடைகளோடு ஊர் கிளம்பிப்போன ஒரு நடுப்பகலில், அவர் முதலில் விரல்களால்தான் தோண்டினார்.

புழுக்கள் இறங்கிய பிறகு மழை பெய்து, வெயிலில் காய்ந்த மேல்மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அவர் வீட்டுக்குப் போய்க் களைக்கொத்தை எடுத்துவந்தார். மேட்டின் கால்மாட்டில் மெல்லப் போட்டு மண்ணைப் புரட்டினார். முதலில் கிடைத்தது வெட்டுப்பட்டது; வெள்ளைக் கூழ் வழிந்தது. அதற்குப் பிறகு கொத்தைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். வழுவழுப்பாக, விரல் பருமனில் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார். செம்பழுப்பு நிறம். உள்ளங்கையில் வைத்ததும் அதன் நுனி இப்படியும் அப்படியும் திரும்பியது. உயிர் இருந்தது.

நிழல் விழுந்ததை உணர்ந்து நிமிர்ந்தார். பவுலினா நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு.

"என்னா தேடறீங்க மாப்ள?"

"கூட்டுப்புழு அத்தை. இதோ பாருங்க. இதுல இருந்து விட்டில் வரும். பெங்களூர்ல காட்டினா பேர் எழுதிக் குடுத்துருவாங்க. வேற தேசத்துப் பூச்சின்னு. சாமி பிரசங்கத்துல சொல்லிட்டார்னா அப்புறம் ஒருத்தனும் வாயத் திறக்க முடியாது."

அவ்வளவு நீளமாக அவர் தன்னிடம் பேசி அவள் கேட்டதில்லை. அவள் அவர் கையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த களைக்கொத்தைப் பார்த்தாள்.

"இரும்பப் போட்டுட்டீங்க."

"கையில வரல."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு மேட்டின் மறுபக்கம் உட்கார்ந்தாள். மொட்டை மரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பிடிமானம் பிடிக்காமல் பறந்து போனது.

"அவ கால் வழுக்கித்தான வுழுந்தா?"

அருள்ஜோசப் கையில் இருந்ததையே பார்த்தார்.

"நீங்கதான சாமிகிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் அதக் கேட்டு ரெண்டு மாசம் சோறு துன்னேன் மாப்ள. வழுக்கி வுழுந்தவளுக்குப் புழுவோட பேரு எதுக்கு? எவன் என்னா சொன்னா என்னா? இல்ல, ஒங்களுக்கே வேணுமா அது?"

அவர் உள்ளங்கையில் அது மறுபடி ஒருமுறை புரண்டது.

"ஒரு வார்த்த சொல்லுங்க. எம்பொண்ணு வழுக்கித்தான் வுழுந்தான்னு இங்க ஒக்காந்து எங்கிட்ட ஒருக்கா சொல்லுங்க. இந்த மண்ண எவனையும் தொட வுடமாட்டேன். மேல படுத்துக்குவேன்."

அவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். சாமியாரிடம் சொன்னபோது சுலபமாக வந்த வாக்கியம்தான். குடம் காலியாகச் சுவர்மேல் இருந்தது நினைவுக்கு வந்தது. எதுனா பேசுங்களேன் என்று அடுப்படியிலிருந்து வந்த குரலும் வந்தது. பவுலினா காத்திருந்தாள். வெயில் மரக்கிளைகளின் ஊடாக விழுந்து குழிமேட்டில் கோடு கோடாகக் கிடந்தது. கோடுகள் கொஞ்சம் நகரும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

பிறகு எழுந்து, அவர் புரட்டிய மண்ணைத் தன் கையால் தள்ளி மூடினாள். செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் சாமியாரிடம் போனாள். சகாயநாதனும் அங்கே இருந்தார். "எம்பொண்ண வெளிய மாத்திடுங்க சாமி" என்றாள். "உள்ள இருந்தா ஆளாளுக்கு நோண்டிக்கினே இருப்பாங்க. ஊரும் நோண்டும், கட்னவரும் நோண்டுவாரு. வெளிய இருந்தா வுட்ருவாங்க."

இத்தனை நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்த சகாயநாதன்தான் இப்போது தயங்கினார். "அவசரமில்ல பவுலினாக்கா" என்றார். "வாத்தியாரு எதோ எழுதி வாங்கறேன்னாரு. ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்போம்."

"அவுரு எழுதி வாங்கட்டும். அது புழுவுக்கு. எம்பொண்ணுக்கு எழுதிக் குடுக்க எவனும் இல்ல."

சனிக்கிழமை காலையில் குழியைத் திறந்தார்கள். மண்வெட்டி விழும்போதெல்லாம் பழுப்பு ஓடுகள் மண்ணோடு வந்தன. நசுங்கியவை, பாதி வெட்டுப்பட்டவை, முழுசாக வந்து காலில் மிதிபட்டவை. அருள்ஜோசப் சற்றுத் தள்ளி நின்றார். பெட்டி மேலே வந்தது. ஈரத்தில் கறுத்திருந்தது, பலகை விடவில்லை. மூடியின் உள்பக்கம் அந்த எழுத்துகள் இருந்தன. பேராசிரியர் கேட்ட பலகை. திறக்கச் சொன்னால் வெங்கடப்பன் ஆசாரி திறந்திருப்பார். எழுத்தை ஊரே பார்த்திருக்கும். ஆசாரியும் என்னவோ நினைத்துக்கொண்டு அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். அருள்ஜோசப் தலையை அசைத்தார். வேண்டாம். நாலு பேர் பெட்டியைத் தூக்கி, வாசல் வழியாகக் கொண்டுபோகாமல், சுவரில் ஒரு பக்கம் கல்லை எடுத்த இடைவெளி வழியாக வெளியே இறக்கினார்கள். சாமியார் வரவில்லை. இளைப்பு என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் புழுவைப் பற்றி எதுவும் இல்லை.

கல்லறைத் திருநாள் அன்று விடியும்போது, குழிமேட்டில் எடுத்த கூட்டுப்புழுவைப் பெங்களூருக்குக் கொண்டுபோகாமலே மண் பரப்பி வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்குள் சத்தம் கேட்டது. அருள்ஜோசப் திறந்து பார்த்தார். கூட்டுப்புழு நெடுக வெடித்திருந்தது. விட்டில் டின்னின் ஓரத்தில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் இறக்கைகள் கசங்கிய துணி மாதிரி இருந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருக்க அவை நீண்டு விரிந்து இறுகின. சாம்பல் நிறம்; அதன்மேல் சாம்பலைத் தெளித்தது போல வெள்ளைப் பொடியும் பழுப்புக் கீற்றுகளும். பருத்த உடம்பில் கறுப்பும் சாம்பலுமாகப் பட்டைகள். புழுவில் இருந்த மஞ்சளோ சிவப்போ துளியும் இல்லை. மொட்டையாய் நின்ற அந்த மரத்தின் பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. அது நடுங்கத் தொடங்கியது. பறப்பதற்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது என்று அவருக்குத் தெரியும். டின்னோடு எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார்.

சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இவ்வளவு பெருசா" என்றார். பிறகு, "பேரு?"

அருள்ஜோசப் சொன்னார். லத்தீன் என்பதால் சாமியார் அதைத் தடங்கலில்லாமல் திருப்பிச் சொன்னார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பெண்கள் மெழுகுவர்த்திகளோடு கல்லறைத் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அந்தம்மா ஒரு நாள் பொறுத்திருந்தா, எழுதின தாள் இல்லாட்டியும் ஞாயித்துக்கிழம நான் சொல்லியிருப்பேன்" என்றார் சாமியார்.

"அவங்க கேட்டதுக்கு நான் சொல்லல சாமி" என்றார் அருள்ஜோசப்.

அதைப் பெட்டியில் ஊசி குத்தித் தபாலில் பெங்களூருக்கு அனுப்பினார். வழியில் எறும்பு ஏறி, போய்ச் சேரும்போது உடம்பும் இறக்கையும் தூளாகியிருந்ததாகவும், இதை வைத்து எதையும் பதிவு செய்வதற்கில்லை என்றும் பேராசிரியர் அஞ்சலட்டை போட்டார். மரம் மறு வருடம் துளிர்த்துப் பூத்தது. புழு திரும்ப வரவில்லை.

சாமியார் அடுத்த கோடைக்குள் இறந்துபோனார். சகாயநாதன் இன்னும் பல வருடம் உபதேசியாராக இருந்து, பக்கவாதம் வந்து படுக்கையில் இறந்தார். சுவருக்கு உள்ளே, அவர் அப்பாவின் சிமெண்டுக் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறார். வெங்கடப்பன் ஆசாரி ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த பிறகு அங்கே கதவு ஜன்னல் வேலைக்குப் போனார். அந்தக் காப்பிக்கொட்டை ஆலை திறக்கப்படவே இல்லை. பவுலினா சாகும் வரை கள்ளிவேலி ஓரம் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தன்னையும் அங்கேயே வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். அருள்ஜோசப் காவேரிப்பட்டினம் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், மறுமணம் செய்துகொள்ளாமல், ஓய்வு பெற்று, அங்கேயே இறந்தார். ராயக்கோட்டைச் சாலையை அகலப்படுத்தியபோது சுவருக்கு வெளியே இருந்த இரண்டு குழிகளும் அதற்குள் போய்விட்டன.